மூணாவது முறையும் தேறலம்மா

என் உசுரான அம்மாவுக்கு,

இந்த முறையும் தேறலம்மா. ரிசல்ட் காலையில வந்துச்சு. வார்டுல மருந்து வண்டியைத் தள்ளிக்கிட்டு நின்ன இடத்திலேயே போன்ல பார்த்தேன். பார்த்துட்டு, அடுத்த பெட்டுக்குப் போய் ஊசி போட்டேன். வேற என்ன செய்யறது? வீட்டுல இன்னும் யாருக்கும் சொல்லல. உனக்குத்தான் முதல்ல சொல்றேன்.

வெளிநாட்டுல நர்ஸா வேலை பார்க்கணும்னா அந்த நாட்டு லைசென்ஸ் பரீட்சையை எழுதணும்னு உன்கிட்ட சொன்னப்போ, "நீதான் ஏற்கெனவே நர்ஸாச்சே, மறுபடி எதுக்குடி பரீட்சை?"ன்னு மீன் கூடையை இறக்கி வச்சுக்கிட்டே கேட்ட. அன்னிக்குச் சிரிச்சேன். இப்ப அதே கேள்வியை நானே கேட்டுக்கறேன், சிரிப்பு வரல.

முதல் முறை எழுதப் போனது நீ போன மறுமாசம். கருமாதி முடிஞ்ச கையோட டூட்டிக்குப் போயிட்டேன், புத்தகத்தையும் எடுத்துட்டேன். அழ நேரமில்ல. சென்னையில அந்த ஹால்ல ஆளுக்கொரு கம்ப்யூட்டர். கொஞ்ச நேரம் நல்லாத்தான் போச்சு. அப்புறம் ஒரு கேள்வி வந்துச்சு. கால் வீங்கியிருக்கு, படுத்தா மூச்சு முட்டுது, உட்கார்ந்தபடியே தூங்குற ஒரு அம்மா. நர்ஸ் முதல்ல என்ன செய்யணும்?

அது நீதாம்மா. வீராம்பட்டினம் வீட்டுச் சுவத்துல சாஞ்சு உட்கார்ந்தே தூங்கின நீ. ஆஸ்பத்திரிக்குப் போற வழியில ஆட்டோவை நிறுத்தி, உன்னை ரோட்டோரம் படுக்க வச்சு, உன் நெஞ்சை நான்தானே அழுத்தினேன். அந்தக் கேள்விக்கு விடை எனக்குத் தெரியும். ஆனா விரல் மவுஸை நகர்த்தல. அதுக்கப்புறம் வந்த எதுவும் கண்ணுல ஏறல.

ரெண்டாவது முறை அந்த மாதிரி கேள்வி வரவே இல்ல. வந்துடுமோன்னு காத்திருந்ததே போதுமா இருந்துச்சு. நெஞ்சு படபடன்னு அடிச்சு, கை மரத்து, மூச்சே நின்னுடும் போல ஆயிடுச்சு. பாதியில எழுந்து வெளியே வந்துட்டேன். வாசல்ல நின்ன உன் மருமகன், காலாப்பட்டு தாண்டி ஊர் வர்ற வரைக்கும் பஸ்ல என் கையைப் பிடிச்சுக்கிட்டே வந்தாரு.

அந்தப் பயம் பரீட்சையோட நிக்கலம்மா. வார்டுல ஒரு பெரியவருக்கு நரம்புல ஊசி ஏத்தப் போனா என் கை நடுங்குது. "சிஸ்டர், உங்களுக்கு உடம்பு சரியில்லையா?"ன்னு அவரு என்னைக் கேட்குறாரு. பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டு, இனிமே நான் நர்ஸே இல்லையோன்னு நின்னேன். இந்தப் படிப்புக்குத்தானே நீ வெயில்ல கருவடிக்குப்பம் வரைக்கும் தெருத்தெருவா மீன் வித்த?

கூட வேலை பார்க்குற பிலோமினாதான் என்னை மனநல டாக்டர்கிட்ட இழுத்துக்கிட்டுப் போனா. தெரிஞ்சவங்க பார்த்துடுவாங்களோன்னு யூனிஃபார்மை மாத்திக்கிட்டு, சீட்டு வாங்கி, நோயாளிங்களோட நோயாளியா பெஞ்சுல உட்கார்ந்தேன்.

டாக்டர் என்னைவிடச் சின்னப் பொண்ணு. "பயமே வராம எப்படியாவது பண்ணுங்க டாக்டர்"னு கெஞ்சினேன்.

"வரும் சிஸ்டர். வந்தா என்ன செய்யறதுன்னு பழகிக்கலாம்"னாங்க. அப்புறம், "அம்மா போனதுக்கு அழுதீங்களா?"ன்னு கேட்டாங்க.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அவ்வளவுதான். அந்த ஆட்டோ, அந்த ரோடு, அன்னிக்கு உன் புடவையில ஒட்டியிருந்த மீன் செதில், எல்லாத்தையும் சொல்லிச் சொல்லி அழுதேன்.

பல வாரம் போனேன். மூச்சை மெல்ல விடுறது, ரெண்டு பாதத்தையும் தரையில நல்லா ஊன்றிக்கிறது, வீட்டுல மாதிரித் தேர்வு எழுதும்போது படபடப்பு வந்தா எழுந்திரிக்காம அது அடங்குற வரைக்கும் உட்கார்ந்திருக்கிறது. மெல்ல மெல்லக் கை நடுக்கம் விட்டுச்சு. பரீட்சை பாஸானா வேலைன்னு சொல்லியிருந்த வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்காரங்க, இதுதான் கடைசி வாய்ப்புன்னு மெயில் போட்டாங்க. அதைப் படிச்ச அன்னிக்கு மட்டும் பழையபடி ஆயிட்டேன்.

மூணாவது முறை தனியாத்தான் போனேன். உன் மருமகன் வாசல்ல நின்னா என் கால் அங்கேயே இழுக்கும்னு வரவேணாம்னுட்டேன். பயம் வந்துச்சும்மா. எழுத்தெல்லாம் மங்கலாச்சு. கையைத் தூக்கி அனுமதி வாங்கி, வெளியே போய் வாந்தி எடுத்தேன், முகத்தைக் கழுவினேன். வெளிக்கதவு பக்கத்துலதான் இருந்துச்சு. திரும்பி ஹாலுக்குள்ள போனேன். பரீட்சை முடிஞ்சு கம்ப்யூட்டர் தானா நிக்குற வரைக்கும் உட்கார்ந்து பதில் போட்டேன்.

அப்படியும் தேறலன்னா, கொடுக்கறதுக்கு என்கிட்ட இன்னும் என்னம்மா இருக்கு? அந்த வேலையும் போச்சு. பயத்தைச் சமாளிச்சா பாஸாயிடலாம்னு நம்பியிருந்தேன். அதோட மல்லுக்கட்டின நேரத்துல படிப்பு பின்தங்கிடுச்சோ? இல்ல, எனக்கு அவ்வளவுதானா? யாரைப் போய்க் கேட்பேன்?

இதுவரைக்கும் எழுதினப்போ ஒர்க்‌ஷாப்புலேருந்து அவரு வந்துட்டாரு. எழுந்துபோய்ச் சொன்னேன்.

"ரிசல்ட் வந்துடுச்சு. தேறல."

கிரீஸ் கையை அவரு துணியில துடைச்சாரு. சென்னையிலேருந்து வந்த அன்னிக்கு நானும் எதுவும் சொல்லல, அவரும் கேட்கல. இப்பதான் கேட்டாரு. "பாதியில எழுந்து வந்துட்டியா?"

"இல்லங்க. முடியுற வரைக்கும் இருந்தேன்."

"அப்ப சரி. சோத்தை எடுத்து வை, சாப்பிடலாம்."

சோத்தைப் போட்டுக்கிட்டு, அவரு எதிர்ல உட்கார்ந்து பிசைஞ்சுக்கிட்டே இருந்தேன்.

மறுபடி எழுதுவேம்மா. எந்த நாடு, எந்த ஆஸ்பத்திரின்னு இப்ப ஒண்ணும் தெரியல. அடுத்த வாரம் டாக்டரைப் பார்த்துட்டு வந்து புத்தகத்தை எடுப்பேன். தேறிடுவேன்னு உனக்கு வாக்குக் கொடுக்க எனக்குத் தைரியமில்ல. எழுந்து ஓடமாட்டேன். அதை மட்டும் சத்தியமா சொல்றேன்.

உன் வயித்துல பொறந்த மூத்தவ,
தேவகி