மூன்று முறையும் நூற்றெண்பது

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவின் முதுகுவலி எப்படி இருக்கிறது? நாலு வருடம் நான் நாயாய் அலைந்ததற்குப் பலன் கிடைத்துவிட்டது. எங்கள் கல்லூரியில் வேதியியல் இறுதியாண்டில் மூன்று மாதம் வேலையிடத்தில் பயிற்சி; அந்த மதிப்பெண் பட்டத்தில் சேரும். பாடத்திட்டக் குழு சோதனையாக ஒரு வருடம் அனுமதித்திருக்கிறது. முதல் மாணவியை உன் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புகிறேன். வகுப்பில் முதலிடம். மிரட்டிவிடாதே.

உன் தம்பி

ஆகஸ்ட் 20

அன்புத் தம்பிக்கு,

மாமா வலியை மறந்து கிரிக்கெட் பார்க்கிறார். உன் மாணவி தங்கம். கை சுத்தம், நேரம் தவறமாட்டாள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்.

இங்குள்ள மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவுக்குப் போகும் கிணற்றுத் தண்ணீரின் கடினத்தன்மையைப் பார்க்கச் சொன்னேன். மூன்று முறையும் பிசகாமல் 180 என்று எழுதியிருந்தாள். எந்தத் தண்ணீரும் அவ்வளவு சமத்து இல்லை. நானே செய்து பார்த்தேன்: 412. அறிக்கை போவதற்குள் பிடித்துவிட்டேன்.

கேட்டதற்கு, "போன மாசம் நூத்தியெண்பதுன்னு இருந்துச்சு மேடம். காலேஜ்ல விடைய முதல்ல கேட்டுக்கிட்டு அதுக்கேத்த மாதிரிதான் ரீடிங் எழுதுவோம். மாறி வந்தா சார் மார்க் குறைப்பாரு" என்றாள். பயமே இல்லாமல் சொன்னாள். அதுதான் எனக்குச் சுருக்கென்றது. நீ அனுப்பிய தேர்ச்சிப் படிவத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை.

அக்கா

ஆகஸ்ட் 27

அக்கா,

அவள் தோற்றால் குழு பயிற்சியையே மூடிவிடும். அதற்காகவே காத்திருப்பவர்கள் அதில் இருக்கிறார்கள். ஒரே ஒரு கையெழுத்து. என் ரேங்க் கார்டில் அப்பா மாதிரி போட்டுக் கொடுத்தவள்தானே நீ?

தம்பி

செப்டம்பர் 2

தம்பி,

போட்டேன். அதனால்தான் உனக்குக் கணக்கு இன்னும் வரவில்லை.

படிவத்தில் ‘பயிற்சி முடியவில்லை’ என்று எழுதிக் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். "மூணு மாசம் முடிஞ்சதும் இன்னும் ஒரு மாசம் இருக்கியாம்மா?" என்றதும் உன் மாணவி தலையாட்டினாள். நீ கோபத்தில் எழுதாமல் இருந்துவிடாதே.

அக்கா

செப்டம்பர் 30

அன்புள்ள அக்காவுக்கு,

பத்து நாள் கோபமாகத்தான் இருந்தேன். பிறகு குழுவில் நடந்ததை நடந்தபடி சொன்னேன். "அப்போ கோளாறு உங்க லேப்லதானே சார்?" என்றார் தலைவர். ஆமாம் என்றேன். பயிற்சியை மூடவில்லை, அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். அதற்குள் ஆய்வகத்தை நான் சரிசெய்ய வேண்டுமாம்.

மறுநாள் ஆய்வக வகுப்பில் குழாய்த் தண்ணீரை ஒரு புட்டியில் பிடித்து வைத்தேன். "ஆன்சர் என்ன சார்?" என்றார்கள் மாணவர்கள். எனக்குத் தெரியாது என்றேன். சிரித்தார்கள். நான் சிரிக்காததைப் பார்த்து அடங்கினார்கள். நானும் பியூரெட்டை எடுத்துச் சொட்டுச் சொட்டாக விட்டேன். நிறம் மாறுகிற சொட்டு எது என்று எனக்கே தெரியவில்லை அக்கா. இருபத்திரண்டு வருடமாக, முன்பே விடை தெரிந்த தண்ணீரைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

திங்கள் முதல் இரண்டு வாரம் விடுப்பு. மாணவிக்குப் பக்கத்து மேசை காலியாக இருந்தால் எனக்குக் கொடு. நான் வருவதை அவளிடம் நீயே சொல்லிவிடு. எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

தம்பி