வலப்பக்கம் சாய்ந்த கோடுகள்

ஜூன் 3

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே நான் நலம். அங்கே நீங்களும் நலம் என்று உங்கள் கடிதம் சொல்கிறது. நம்புகிறேன் என்று எழுதத்தான் பேனா வரமாட்டேன் என்கிறது.

பழைய வண்டிச் சாமான் சந்தைக்குப் போய் ஒரே வாரத்தில் திரும்பிவிடுவேன் என்று கிளம்பினீர்கள். மூன்று மாதம் ஆகிவிட்டது. பல் டாக்டரின் வண்டி ஸ்டீயரிங் வீல் இல்லாமல் நம் ஷெட்டில் நிற்கிறது. சனிக்கிழமை தவறாமல் வருகிறார். டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகிறார். விரிசலைப் பசையால் அடைக்கப் போய் நாம் கெடுத்த அவருடைய வீல் ஆணியில் தொங்குகிறது. அதைப் பார்த்தாலே நீங்கள் கடைசியாகச் சொன்னது காதில் விழுகிறது. "நீ கலந்த பசை சரியில்ல. அதான் விரிசல் மறுபடியும் விட்டுருச்சு." தப்பு என்னுடையதுதான் என்று டாக்டரிடமும் சொல்லிவிட்டேன். அதிலிருந்து, அவருடைய நண்பர் கொண்டுவருவதாக இருந்த வண்டியைப் பற்றி அவர் வாயே திறப்பதில்லை.

வேண்டியவற்றைத் திரும்ப எழுதுகிறேன். அதே மாதிரி வீல். நடு ஓட்டையில் முப்பத்தாறு பல் இருக்க வேண்டும். டாக்டரே இரண்டு முறை எண்ணினார், பல் விஷயத்தில் அவரை நம்பலாம். ஹார்ன் பட்டனும் அதன் அடியில் வரும் ஸ்பிரிங்கும். வீலைத் தண்டிலிருந்து இழுத்துக் கழற்ற ஒரு புல்லர். நம்முடையதில் ஒரு கால் வளைந்துவிட்டது.

இன்னொன்று கேட்க வேண்டும். நீங்கள் இடதுகைக்காரர், உங்கள் எழுத்தெல்லாம் பின்பக்கம் சாய்ந்து படுக்கும். இந்தக் கடிதத்தில் ஒவ்வொரு எழுத்தும் இரண்டாம் வகுப்புப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது. போனையும் எடுப்பதில்லை. யார் எழுதிக் கொடுக்கிறார்கள்?

இப்படிக்கு,
இதுவரைக்கும் உங்கள் மனைவி

ஜூன் 12

அன்புள்ள கரண்டிக்காரிக்கு,

பசையைக் கரண்டியில் அளந்து அளந்து கலக்குகிறவள் மனுஷனையும் அப்படியே அளக்கிறாய். அறையில் மேசை ஆடுகிறது. அதனால்தான் எழுத்து மாறிவிட்டது. போனில் பேசினால் சண்டையில் முடிகிறது, கடிதமே நல்லது.

புல்லர் கிடைத்துவிட்டது, அனுப்பியிருக்கிறேன். மூன்று கால், நல்ல கனம். கடைக்காரம்மாதான் ஒரு பெட்டியின் அடியிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தார். சந்தையில் எந்த மூலையில் எது கிடக்கிறது என்று கடைக்காரம்மாவுக்குத்தான் தெரியும். வீல் இன்னும் அகப்படவில்லை. நேற்று ஒன்று பார்த்தோம், பல் நாற்பது. ஹார்ன் பட்டனுக்கு வேறு இடத்தில் சொல்லிவைத்திருப்பதாகக் கடைக்காரம்மா சொல்கிறார்.

நீ வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
நான்

ஜூன் 21

அன்புள்ள உங்களுக்கு,

புல்லர் வந்தது. கடைக்காரம்மாவுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தில் அவர் மூன்று தடவை வருகிறார். நான் முதல் வரியிலும் கடைசி வரியிலும் வருகிறேன், அதுவும் திட்டு வாங்கவும் சாப்பிடவும். "பார்த்தோம்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த "தோம்" யார் யார்?

நான் சும்மா இருக்கவில்லை. பழைய குழாயைத் துண்டு துண்டாக அறுத்து, பதினொரு துண்டிலும் அதே பசையை, அதே கரண்டியில், அதே அளவில் கலந்து பூசினேன். ஒரு வாரம் கழித்துச் சுத்தியலால் தட்டினேன். பதினொன்றும் கல் மாதிரி நிற்கின்றன. அப்படியானால் டாக்டர் வீலில் மட்டும் ஏன் விட்டது? இந்தக் கேள்வியோடுதான் தினமும் ஷெட்டைத் திறக்கிறேன். என் கையை நானே சந்தேகப்பட்டுக்கொண்டு எத்தனை நாள் வேலை செய்வது?

தொங்குகிற வீலைப் பிரித்துப் பார்க்கப் போகிறேன். உங்கள் அறுப்பானை அனுப்புங்கள். விரிசலை அகலமாக்க ரம்பப் பிளேடை உடைத்து, துணி சுற்றி, நீங்களே செய்துகொண்டீர்களே, அதுதான். என்னைத் தொடவே விட மாட்டீர்கள். இப்போது அது யார் கையில் இருக்கிறதோ.

இப்படிக்கு,
உங்கள் மனைவி

ஜூலை 3

அன்புள்ள கரண்டிக்காரிக்கு,

வீல் கிடைத்துவிட்டது. முப்பத்தாறு பல். மூன்று இடத்தில் விரிசல் இருந்தது. மூன்றையும் அறுத்து, பசை நிரப்பி, உப்புத்தாள் போட்டு அனுப்பியிருக்கிறேன். பெயிண்ட் மட்டும் நீ அடித்துக்கொள். ஹார்ன் பட்டனும் ஸ்பிரிங்கும் அதே பெட்டியில் இருக்கின்றன. கேட்டாயே என்று அறுப்பானையும் வைத்திருக்கிறேன்.

பழைய வீலைப் பிரித்து என்ன செய்யப் போகிறாய்? போனது போகட்டும், தூக்கிப் போட்டுவிடு.

இன்னும் சில மாதம் இங்கேயே இருக்கலாம் என்று பார்க்கிறேன். வேலை இருக்கிறது. டாக்டரை நீயே சமாளித்துவிடுவாய்.

அன்புடன்,
நான்

ஜூலை 11

உங்களுக்கு,

பெட்டி வந்தது. வீலை ஜன்னலோரம் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வேலை மோசமில்லை. ஆனால் உங்கள் வேலை இல்லை. பதினாறு வருஷமாக உங்கள் உப்புத்தாள் விட்ட கோட்டின் மேல்தான் நான் பெயிண்ட் அடிக்கிறேன். உங்கள் கோடு இடப்பக்கம் சாயும். இந்த மூன்று இடத்திலும் வலப்பக்கம் சாய்கிறது. அறுப்பானில் துணியைப் பிரித்துப் புதிதாகச் சுற்றியிருக்கிறார்கள். கட்டைவிரல் அழுந்திய பள்ளம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போய்விட்டது. எடுத்துப் பிடித்தேன், என் வலது கைக்குச் சரியாகப் பொருந்துகிறது.

நான் தொடக்கூடாத சாமானை வேறொருத்தர் கையில் கொடுத்து, அவர் கைக்கு ஏற்றபடி மாற்றியும் கொடுத்திருக்கிறீர்கள். கடைக்காரம்மாவா? கடிதம் எழுதுவதும் அதே கைதானா? இருந்தால் இருக்கிறது என்று சொல்லுங்கள். சில மாதம் என்று பூசி மெழுக வேண்டாம்.

தூக்கிப் போடச் சொன்ன வீலையும் பிரித்துவிட்டேன். பசை ஒட்டாமல் இல்லை. அதன் அடியில் பிளேடு சறுக்கி, உள்ளே இருக்கும் இரும்பு வளையம் வரைக்கும் கிழித்திருக்கிறது. ஒரு இடத்தில் இல்லை, நான்கு இடத்தில். அதை மறைத்து மேலே பசையை அடைத்திருக்கிறீர்கள். அப்படி அடைத்தால் யார் கலந்தாலும் விட்டுத்தான் போகும். உங்களுக்கு அது தெரியும். தெரிந்தும் என்னைச் சொன்னீர்கள்.

பதில் வேண்டும்.

ஜூலை 19

அன்புள்ளவளுக்கு,

கடைக்காரம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. என்னைப் பார்த்தாலே "ஊருக்குப் போய்ச் சேரு" என்று விரட்டுகிறார். அவர் எதையும் தொடவில்லை.

வீலைச் சரிசெய்ததும் நான்தான், எழுதுவதும் நான்தான். வலது கையால்.

மாசி மாதத்திலிருந்தே இடது கை விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. பல் டாக்டரின் வீலை நான் அறுக்கும்போது பிளேடு எங்கே போகிறது என்றே தெரியவில்லை. நான்காவது தடவை சறுக்கியபோது பயந்துபோனேன். நீ பக்கத்தில் பசை கலந்துகொண்டிருந்தாய். பிறகு விரிசல் மறுபடியும் விட்டபோது வாயில் அந்தப் பொய் வந்துவிட்டது. இங்கே நரம்பு டாக்டரைப் பார்க்கிறேன். இடது கை பழையபடி ஆகாது என்கிறார். வலது கையைப் பழக்கத் தினம் ஒரு பக்கம் எழுதச் சொன்னார். யாருக்கு எழுதுவது? உனக்குத்தான் எழுதினேன். போனில் பேசியிருந்தால் என் குரலிலேயே பிடித்திருப்பாய்.

வலது கை தேறியதும் வந்து, ஒன்றும் நடக்காத மாதிரி வேலையில் உட்காரலாம் என்று நினைத்தேன்.

நான்

ஜூலை 26

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதங்களை எல்லாம் எடுத்துத் தேதிவாரியாகப் படித்தேன். முதலில் வந்ததில் எழுத்து பெரிது பெரிதாக, ஒரு வரிக்கு நான்கு வார்த்தை. கடைசியில் வந்ததில் ஒன்பது. ஒருத்தி எழுதுகிறாள் என்று நினைத்து இந்த எழுத்தையா இத்தனை நாள் வெறுத்தேன் என்று அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. அது இன்னும் போகவில்லை.

கை மரத்ததற்குக் கோபமில்லை. அதை என்னிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கே அறுப்பானை நான் வாங்கியிருப்பேன். பக்கத்திலேயே நின்றவளிடம் மறைத்தீர்கள், அதுதான் ஆறவில்லை. பதினொரு குழாய்த் துண்டு இன்னும் மேசையில் வரிசையாக இருக்கின்றன. வந்து ஒருமுறை பாருங்கள்.

வீலுக்குப் பெயிண்ட் அடித்துவிட்டேன். மூன்றாவது இடத்தில் மட்டும் உங்கள் வலது கைக் கோட்டை முழுதாக மறைக்காமல் லேசாக விட்டிருக்கிறேன். தண்டில் மாட்டியாயிற்று, நட்டு இன்னும் முறுக்கவில்லை. ஒருவர் உள்ளே உட்கார்ந்து வீலை நேராகப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் முறுக்க வேண்டும். தான் பிடிப்பதாகப் பல் டாக்டர் சொன்னார். வேண்டாம் என்றேன். பிடிப்பதற்கு ஒரு கை போதும், அது உங்களிடம் இருக்கிறது.

வருகிற சனிக்கிழமை காலையில் அவர் வருவார். அதற்கு முன்னால் வந்துவிடுங்கள். தப்பு என்னுடையது என்று அவரிடம் நான் சொல்லியிருக்கிறேன். இல்லை என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும், கடிதத்தில் இல்லை, நேரில், என்னைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு. அதைச் சொன்ன பிறகு நட்டை முறுக்குகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கரண்டிக்காரி