கிரைண்டர் ஓயும்போது அதிரும் டம்ளர்

அன்புள்ள கோகிலா அக்கா,

நீ காய்ச்சலில் போய் இரண்டு வருடம் ஆகிறது. நான் இப்போது பதினொன்றாம் வகுப்பு, நீ பாதியில் விட்ட அதே வகுப்பு. பீளமேட்டு வீட்டில் எல்லாம் அப்படியே இருக்கிறது. உன் பெயர் வெட்டிய எவர்சில்வர் டம்ளர்கூட, சமையலறைத் தகர அலமாரியில் அதே இடத்தில்.

ஞாயிறுதோறும் அம்மா இட்லிக்கு மாவு ஆட்டுகிறார். கிரைண்டர் முழு வேகத்தில் ஓடும்போது உன் டம்ளர் அசையாது. சுவிட்சை அணைத்து, கல் ஓய்ந்து நிற்கப் போகும் நேரத்தில் மட்டும் கிணுகிணுவென்று அதிரும். அம்மா மாவுக் கையோடு ஓடிப்போய்ப் பிடிப்பார்.

போன ஞாயிறு, இயற்பியலில் நான்தான் முதல் மார்க் என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்துக் கிரைண்டர் ஓய்ந்தது. "இரு கண்ணு, அதைப் புடிச்சுப்போட்டு வாரேன்" என்றார். திரும்பி வந்தவர் எவ்வளவு மார்க் என்று கேட்கவேயில்லை. ஒரு டம்ளர் மேல் பொறாமைப்பட முடியுமா அக்கா? என்னால் முடிகிறது.

டம்ளர் அப்படி அதிரும் காரணம் என் இயற்பியல் பாடத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் சொந்தமாக ஓர் அதிர்வெண் உண்டு. அதோடு ஒத்துவராத விசை பெரிதாக இருந்தும் பயனில்லை. ஒத்துவந்தால் சின்ன விசையே போதும். கிரைண்டர் வேகம் குறைந்து ஓயும்போதுதான் உன் டம்ளரோடு ஒத்துவருகிறது. பூங்கா ஊஞ்சலை நான் கண்டபடி தள்ளுவேன். நீ அது திரும்பும் சமயம் பார்த்து ஒற்றை விரலால் தள்ளுவாய். நீ தள்ளியதுதான் உயரப் போகும்.

அம்மாவிடமும் அப்படித்தான். நான் மார்க், பரிசு என்று முட்டிக்கொண்டே இருக்கிறேன். உன் பெயரை யாராவது மெதுவாகச் சொன்னால் போதும், ஆடிப்போகிறார். இது நியாயமா?

இன்று உன் டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி வைத்தேன். எடை கூடினால் அதிர்வெண் மாறிவிடும். கிரைண்டர் ஓய்ந்தது. சத்தமே இல்லை.

"பாருங்கம்மா, நிறுத்திட்டேன்" என்றேன்.

அம்மா அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஏங்கண்ணு, அவளாட்ட அதுவும் பேசாம போயரோணுமா?"

தண்ணீரைக் கொட்டிவிட்டேன். இனி ஊற்ற மாட்டேன். ஆனால் ஒன்று, அக்கா. அடுத்த ஞாயிறு நீ கிணுகிணுக்கும்போது அம்மாவுக்கு முன்னால் ஓடிப்போய் நானே உன்னைப் பிடித்துக்கொள்வேன். அம்மா என்னிடம்தான் வந்தாக வேண்டும்.

பொறாமை தீராத உன் தங்கை,
மைதிலி