துறைமுக வரிசையில் தூங்கிப்போன அப்பாவுக்கு

என் பிரியமான அப்பா,

உங்களுக்குக் கோபம் வரக்கூடிய சேதியிலிருந்தே தொடங்குகிறேன். எங்கள் பாடப் புத்தகத்தில் துறைமுகம் பற்றி ஒரு பாடம் இருக்கிறது. கப்பல், பாரந்தூக்கி, அடுக்கி வைத்த கன்டெய்னர் பெட்டிகள் எல்லாம் படமாகப் போட்டிருக்கிறார்கள். தேடித் தேடிப் பார்த்தேன், ஒரு லாரி கூட இல்லை. பெட்டிகள் தாமாகவே நடந்து வந்து கப்பலில் ஏறிக்கொண்டன போலிருக்கிறது! நீங்கள் இருந்திருந்தால், "படம் எடுத்தவுக பின்னால திரும்பிப் பாக்கலத்தா" என்று சொல்லியிருப்பீர்கள்.

இந்தக் கடிதத்தைப் பலமுறை தொடங்கி நிறுத்திவிட்டேன். அம்மாவைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்லக் கிடைக்கட்டும் என்று காத்திருந்தேன். இப்போது கிடைத்திருக்கிறது.

அருப்புக்கோட்டை மில்லில் லாரியில் நூல் ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போவீர்கள். வரும்போது கப்பலில் வந்த வெளிநாட்டுப் பஞ்சு. "கரிசக்காட்டுக்கே பஞ்சு கொண்டு வாரேன், என் தெறமையப் பாத்தியா" என்று சிரிப்பீர்கள். கப்பலைப் பற்றிக் கேட்டால் உங்களுக்கு ஒன்றும் சொல்லத் தெரியாது. சொல்வதெல்லாம் வாசலுக்கு வெளியே நிற்கும் வண்டி வரிசையைப் பற்றித்தான். அந்த வரிசையின் வழக்கத்தை எவ்வளவு பெருமையாகச் சொல்வீர்கள்! ராத்திரியெல்லாம் ஓட்டி வந்தவன் ஸ்டியரிங்கில் சாய்ந்து தூங்கிவிட்டால் யாரும் ஹாரன் அடிக்கக் கூடாது. வரிசை நகர்ந்தால் பின்னால் நிற்பவர்கள் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அவன் விழித்து வந்ததும் அவன் இடத்தை அவனுக்கே விட்டுவிட வேண்டும்.

"ஊரெல்லாம் எங்களப் பாத்து ஒதுங்குது. ஆனா தூங்குறவனுக்கு மரியாதை குடுக்குறது நாங்கதான்" என்பீர்கள். ஹாரன் அடித்த ஒரு புதுப் பையனை நீங்களே கீழே இறங்கிப் போய் வைதீர்களாமே?

அந்தச் சித்திரை மதியத்தில் உங்களுக்குப் பின்னால் நின்றது செல்வம் மாமாவின் வண்டி. பந்தல்குடிக்காரர், உங்களை மாப்ள என்று கூப்பிடுகிறவர். வரிசை நகர்ந்தபோது நீங்கள் அசையவில்லை. பின்னால் யாரோ ஹாரன் அடிக்கப் போக, மாமா கையைக் காட்டித் தடுத்தாராம். "மாப்ள அசந்து தூங்குறாப்ல, விடுங்கப்பா" என்று சொல்லி, தானும் சுற்றிக்கொண்டு போனார். பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராகச் சுற்றிக்கொண்டு போனார்கள். உள்ளே லோடு இறக்கிவிட்டு, உங்களுக்கும் சேர்த்து டீ வாங்கிக்கொண்டு வந்து, "எந்திரி மாப்ள" என்று கதவைத் தட்டியது அவர்தான்.

நெஞ்சடைப்பு என்றார்கள். அப்போதே எழுப்பியிருந்தால் பிழைத்திருப்பீர்களா? டாக்டரிடம் நானே கேட்டேன். "அது உறுதியாச் சொல்ல முடியாதும்மா" என்றார். எத்தனை புத்தகம் படித்தாலும் இந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுதியிருக்காது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அம்மாவுக்கு மட்டும் பதில் தெரிந்திருந்தது. "ஒரு ஹாரன். ஒரே ஒரு ஹாரன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கருமாதிக்கு வந்த செல்வம் மாமா வேப்பமரத்தடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அம்மா வெளியே வரவில்லை. தண்ணீர் கொண்டு போகப் போன என்னையும் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

அதன்பிறகு மாமா வண்டி எடுக்கவில்லை அப்பா. போன மாதம் அத்தை, அதாவது மாமாவின் வீட்டுக்காரி, பஸ் மாறித் திருச்சுழியில் நம் வீட்டுக்கு வந்தார்.

"மதினி, அவுக ஸ்டியரிங்கத் தொட்டாலே கை நடுங்குதுங்கிறாக. ஆட்டுக்குட்டியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காக. நீங்க ஒரு வார்த்த சொன்னாத்தான் சரியாவாக."

"என்ன வார்த்தை சொல்லச் சொல்றீக? போனாப் போகுதுன்னா?"

அத்தை அழுதுவிட்டார். அம்மா அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்த எடத்த நான் பாக்கணும். உங்க வீட்டுக்காரர வந்து காட்டச் சொல்லுங்க" என்றார்.

போன சனிக்கிழமை போனோம். தம்பியைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டு, அருப்புக்கோட்டையில் தூத்துக்குடி பஸ் ஏறினோம். பந்தல்குடியில் செல்வம் மாமா ஏறினார். ஆளே பாதியாகிவிட்டார். எங்கள் பக்கம் சீட்டு காலியாக இருந்தும் தூத்துக்குடி வரைக்கும் முன்னால் நின்றுகொண்டே வந்தார்.

துறைமுகச் சாலையை நான் இவ்வளவு பெரிதாக நினைக்கவில்லை. ஒரு பக்கம் உப்புக் குவியல் வெயிலில் கண்ணைக் கூச வைக்கிறது. இன்னொரு பக்கம் கரித்தூள் படிந்த சுவர். நடுவில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வண்டிகள். உரம், மரத்தடி, பஞ்சு, என்னவென்றே தெரியாத பூட்டிய பெட்டிகள். கேபினுக்குள் ஈரத்துண்டைத் திரையாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒருவர் சக்கர நிழலில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். உப்புக்காற்று அடிக்கிறது, ஆனால் கடல் தெரியவில்லை. இத்தனை வருஷம் போய் வந்த நீங்கள் ஏன் கடலைப் பற்றிச் சொல்லவே இல்லை என்பது அங்கே நின்றபோதுதான் புரிந்தது.

"இங்கதான் தங்கச்சி" என்று மாமா ஓர் இடத்தைக் காட்டினார். அங்கே ஒன்றும் இல்லை. தார் ரோடும் எண்ணெய்க் கறையும்தான். அம்மா வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போது வரிசை நகர்ந்தது. எங்களுக்கு எதிரே நின்ற வண்டி மட்டும் நகரவில்லை. உள்ளே டிரைவர் ஸ்டியரிங்கில் தலை கவிழ்ந்து கிடந்தார். பின்னால் நின்ற வண்டி, ஹாரன் அடிக்காமல், மெதுவாக ஒடித்துச் சுற்றிப் போகத் தொடங்கியது. அம்மாவின் முகத்தை நான் பார்த்தேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினார். படியில் ஏறி, இரண்டு கையாலும் கதவை அறைந்தார்.

"தம்பி! ஏ தம்பி! எந்திரிய்யா!"

அந்த ஆள் அலறிக்கொண்டு எழுந்தார். "யாருக்கா நீ? ரெண்டு நாளாத் தூங்கல, இப்பத்தான் கண்ணசந்தேன். உனக்கு வேற சோலி இல்லியா?"

"ஒண்ணுமில்லய்யா" என்றார் அம்மா. "நல்லா இருக்கேல்ல? தூங்கு, தூங்கு."

"எழுப்பிவிட்டுத் தூங்கச் சொல்லுது பாரு!" என்றார் அவர். வெங்காயம் நறுக்கியவர் சிரித்தார். அம்மாவும் சிரித்தார் அப்பா. சிரித்துக்கொண்டே இறங்கி, அந்தச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். நீங்கள் போன நாளில் கூட அப்படி அழவில்லை.

செல்வம் மாமா ரோட்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "நானும் நல்லதுன்னுதானே தங்கச்சி விட்டேன்" என்றார்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரிடம் வந்தார். "தெரியும்ண்ணே. அவுகளா இருந்தாலும் அப்பிடித்தான் விட்டிருப்பாக" என்றார். பிறகு, "வண்டிய எடுங்க. இனிமே ஒருத்தன் அசந்து கெடந்தாத் தட்டிப் பாருங்க. எழுப்புனதுக்கு வஞ்சாலும் தட்டுங்க. அத எல்லாருக்கும் சொல்லுங்க" என்றார்.

புதன்கிழமை மாமா வண்டி எடுத்தார். கை நடுக்கம் முழுதாக நிற்கவில்லை என்று அத்தை போனில் சொன்னார். வரிசையில் இப்போது தூங்குகிறவரை ஒருமுறை தட்டுகிறார்களாம். உள்ளே இருப்பவர் கண்ணைத் திறக்காமலே கையைத் தூக்கிக் காட்டினால் போதும், விட்டுவிடுகிறார்களாம். சிலர் வைகிறார்களாம். இந்த வழக்கம் நிலைக்குமா? தெரியவில்லை. நிலைத்தாலும் உங்களுக்கு அது பிந்திப்போன வழக்கம்தான்.

அம்மா இன்னும் சரியாகவில்லை. விடுமுறை மதியங்களில் நானும் தம்பியும் கண்ணயர்ந்தால் வந்து தோளைத் தொட்டு உலுக்குகிறார். தம்பி சிணுங்குகிறான். அவனுக்கு நான் சொல்லிக் கொடுத்துவிடுகிறேன். அம்மா எத்தனை முறை எழுப்பினாலும் நாங்கள் எரிச்சல்பட மாட்டோம் அப்பா. எவ்வளவு நல்ல தூக்கமாக இருந்தாலும் கையைத் தூக்கிக் காட்டுவோம்.

என்றும் உங்கள் மூத்த மகள்,
பூங்கொடி