அவ்வளவுதாம்பா

மார்ச் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

அன்றைக்கு டாக்டர் அறையில் நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு.

அவர் பேசிய மொழி உங்களுக்குத் தெரியாது. நான் நடுவில் உட்கார்ந்து தமிழில் சொன்னேன். புரோஸ்டேட்டை எடுத்துவிட்டால் புற்றுநோய் போய்விட நல்ல வாய்ப்பு இருக்கிறது, சில மாதம் சிறுநீர் கசியும் என்றார். அதைச் சொன்னேன். பிறகு அவர் ஒரு தாளில் படம் வரைந்தார். கட்டி இரண்டு பக்க நரம்பையும் ஒட்டியிருக்கிறது, அவற்றையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும், எடுத்தால் கணவன் மனைவி உறவு பழையபடி இருக்காது, திரும்பியும் வராது என்றார். ஆபரேஷன் வேண்டாமென்றால் கதிர்வீச்சு இருக்கிறது, அதிலும் தொல்லைகள் உண்டு, இவரும் மனைவியும் பேசி முடிவு செய்யட்டும் என்றார். உங்களிடம் கேட்கச் சொன்னார்.

நான் கேட்கவில்லை.

"படமெல்லாம் போடுறாரே, என்னவாம்?" என்றீர்கள்.

"எங்க வெட்டுவாங்கன்னு காட்டுறார்ப்பா."

"இவ்வளவு நேரம் பேசினதுக்கு இவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்பா."

கையெழுத்துப் போட்டீர்கள். அவருக்குப் புரிந்ததா என்று டாக்டர் என்னைக் கேட்டார். புரிந்தது என்றேன்.

அந்த வார்த்தைகளை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்மா வெளியே பெஞ்சில்தான் இருந்தாள். அவளைக் கூப்பிட்டுச் சொல்லத் தோன்றவில்லை என்று எழுதினால் பொய். தோன்றியது.

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாளை மொழிபெயர்ப்பது என் வேலை. பக்க விளைவுகளில் ஒரு வரி விட்டுப்போனால் வேலை போய்விடும். ஒன்பது வருடத்தில் ஒன்றுகூட விட்டதில்லை.

பத்து மாதம் கழித்து இதை எழுதுவதற்குக் காரணம், போன வாரம் அம்மா பெரியம்மா வீட்டிலிருந்து போன் செய்து, "நான் இனிமே இங்கதான்" என்றாள். ஏன் என்றால், "உங்கப்பாவையே கேளு" என்கிறாள். உங்களைப் போனில் கேட்டால் நாம் இருவரும் மழையைப் பற்றிப் பேசி வைத்துவிடுவோம். அதனால்தான் கடிதம்.

உங்கள் மகள்

மார்ச் 11

அன்புள்ள பெரிய மனுஷிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். அதற்குப் பதில் எழுத இன்னும் கை வரவில்லை. மற்ற சேதிகளை எழுதுகிறேன்.

என்னை டிரைவர் சீட்டிலிருந்து இறக்கி டிப்போ ஆபீசில் உட்கார வைத்துவிட்டார்கள். தப்புச் சொல்ல முடியாது. ஒரு ட்ரிப்புக்கு மூன்று இடத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஓடினால் பயணிகள் என்ன செய்வார்கள்? டிப்போவில் எனக்கு இப்போது 'ஸ்டாப்பிங்' என்று பெயர். "அண்ணே, உங்க வண்டி எக்ஸ்பிரஸ்னுல்ல போர்டு மாட்டியிருந்தோம்!" என்கிறான் மெக்கானிக். நானும் சிரித்து வைக்கிறேன். தும்மினால், கனமாக ஏதாவது தூக்கினால் இன்னும் கசிகிறது. சிரித்தாலும்தான்.

டயபர் வாங்கப் போனால் கடைக்காரம்மா, "குழந்தைக்கு எத்தனை மாசம்?" என்றாள். ஐம்பத்தேழு வருஷம் என்றேன். பாவம், அவள் முகம் செத்துவிட்டது.

வாஷிங் மெஷினில் எந்தப் பட்டனை அழுத்துவது என்று தெரியவில்லை. பெரியம்மா வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்க மனசு வரவில்லை. கையால் துவைக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா

மார்ச் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

வலதுகைப் பக்கம் இருக்கும் பெரிய பட்டன். அழுத்தி இரண்டு விநாடி பிடிக்க வேண்டும்.

மெக்கானிக் சொன்னதைப் படித்துச் சிரித்துவிட்டேன். பிறகு ஆபீஸ் பாத்ரூமில் போய் நின்றுகொண்டிருந்தேன்.

அப்பா, என்னைத் திட்டுங்கள். கடிதத்திலாவது திட்டுங்கள். பதில் எழுதக் கை வரவில்லை என்று எழுதி, அதற்குக் கீழே நேரத்துக்குச் சாப்பிடு என்றும் எழுதினால் நான் எதை எடுத்துக்கொள்வது?

உங்கள் மகள்

ஏப்ரல் 2

மகளுக்கு,

திட்டச் சொல்கிறாய். திட்டினால் உனக்கு லேசாகிவிடும். அதனால் திட்டப்போவதில்லை.

இதையெல்லாம் மகளுக்கு எழுதுகிற அப்பன் எவனும் இருக்க மாட்டான். நீ தொடங்கிவிட்டாய், நானும் எழுதுகிறேன்.

ஆபரேஷன் முடிந்து ஐந்தாறு மாதம் ஆகியும் ஒன்றும் சரியாகவில்லை. உன் அம்மா வாய்விட்டுக் கேட்கிறவள் இல்லை. அவளே ஒருநாள் கேட்டாள், "டாக்டர் இதைப் பத்தி ஏதாவது சொன்னாரா?" என்று. "ஒண்ணும் சொல்லலை. நம்ம பொண்ணுதானே பக்கத்துல உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாம சொன்னா" என்றேன். சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னேன்.

உடம்பில் கோளாறு இல்லை என்றால் மனசில்தான் கோளாறு என்று அவள் எடுத்துக்கொண்டாள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். முப்பத்தோரு வருஷம் கூட வாழ்ந்தவளிடம் எனக்கு ஏன் இப்படி ஆகிப்போனது என்று புரியாமல், அவமானப்பட்டு, படுக்கையை முன்னறைக்கு மாற்றினேன். "என்னைப் பிடிக்கலைன்னா சொல்லிடுங்க" என்றாள். என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். அதையே பதிலாக எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை உன் முதல் கடிதத்தை எடுத்துக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போனேன். சமையல்கட்டில் நின்றபடியே படித்தாள். கண்ணாடி இல்லை, கையை நீட்டித் தூரப் பிடித்துப் படித்தாள். "வெளிய பெஞ்சுலதானே உட்கார்ந்திருந்தேன்" என்றாள். கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தாள். பிறகு, "சாப்டீங்களா?" என்றாள்.

சாயங்காலம் இருவரும் பஸ் ஏறினோம். பாதி வழியில் நான் இறங்க வேண்டியதாகிவிட்டது. அவளும் கூடவே இறங்கி, என் பையைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நின்றாள். அடுத்த பஸ்ஸில் வீடு வந்தோம்.

முன்பே தெரிந்திருந்தால் கதிர்வீச்சு போதும் என்றிருப்பேனா? உயிர்தான் பெரிது என்று ஆபரேஷனுக்கேதான் கையெழுத்துப் போட்டிருப்பேன் என்று நினைக்கிறேன். ஆனால் உன் அம்மாவிடம் பேசிவிட்டுப் போட்டிருப்பேன். அதைத்தான் நீ விட்டுவைக்கவில்லை.

மே மாதம் ரத்தப் பரிசோதனை. நீ லீவு போட்டு வர வேண்டாம். மொழிபெயர்த்துச் சொல்ல ஆஸ்பத்திரியிலேயே ஆள் உண்டாம், கேட்டு வைத்திருக்கிறேன். அம்மாவும் உள்ளே வருவாள்.

அப்பா

ஜூன் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

ஏப்ரலுக்குப் பிறகு நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முந்தைய இரண்டும் வந்ததா என்று அம்மாவிடம் கேட்டேன். "வந்துச்சு, அலமாரியில வெச்சிருக்கார்" என்றாள். பிரித்தீர்களா என்று நான் கேட்கவில்லை. அம்மாவிடம் மன்னிப்பும் கேட்டேன். "விடு" என்று சொல்லிவிட்டு, அங்கே வெயில் அதிகமா என்று விசாரித்தாள்.

நேற்று மறுபடியும் பேசினோம். ரத்தத்தில் புற்றுநோயைக் காட்டும் எண் மறுபடி ஏறியிருப்பதையும், கதிர்வீச்சு தொடங்கப் போவதையும், ஏழு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள் என்பதையும் சொல்லிவிட்டாள். என்னிடம் சொல்ல வேண்டாம் என்றீர்களாம். அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், நான்தான் துருவித் துருவிக் கேட்டேன்.

மொழிபெயர்ப்பவர் எப்படி என்று கேட்டதற்கு அம்மா சொன்னாள்: "நல்லது கெட்டது எல்லாத்தையும் சொல்றார். உங்கப்பா ஒரு விஷயத்தை ரெண்டு தடவை கேட்டார். அவரும் முகம் சுளிக்காம ரெண்டு தடவை சொன்னார். எனக்குத்தான் கூச்சமா இருந்துச்சு, உங்கப்பா என் கையைப் பிடிச்சுக்கிட்டார்."

அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. வேறு மாதிரியாகவும் இருந்தது. அதற்கு வார்த்தை தேடிக்கொண்டிருக்கிறேன்.

நான் உள்ளே வர வேண்டாம், மொழிபெயர்க்கவும் வேண்டாம். வெளியே பெஞ்சில் உட்காருகிறேன், பையைப் பிடித்துக்கொள்கிறேன். வா என்று ஒரு வரி எழுதினால் போதும். அம்மாவிடம் சொல்லிவிட்டாலும் போதும்.

உங்கள் மகள்

ஜூன் 30

போன கடிதத்தைத் தபாலில் போட்ட மறுநாளிலிருந்து, உங்கள் ஒரு வரியும் வராமல், எழுதி எழுதிக் கிழித்தேன். இந்தத் துண்டுத் தாளை மட்டும் அனுப்புகிறேன். நேற்று உங்களுக்கு முதல் நாள் சிகிச்சை. நீங்களும் அம்மாவும் போய் வந்தீர்கள். நான் வேலைக்குப் போனேன்.