ஆள் வைத்துச் சொன்ன சாட்சி

இன்று காலை மருமகள் தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டாள், டீச்சர். நீங்கள் டைப்ரைட்டர்கள் போட்டிருந்த அதே முன்னறையில், அதே ஜன்னலோரம். பின்கட்டில் பல் துலக்கிக்கொண்டிருந்த நான் அந்த வாசனை வந்ததும் அப்படியே நின்றுவிட்டேன். நீங்கள் உள்ளேதான் இருக்கிறீர்கள் என்று ஒரு நொடி தோன்றியது. டைப்ரைட்டர் போய் கம்ப்யூட்டர் வந்த பிறகும் அந்த எண்ணெய் டப்பாவை நீங்கள் விடவில்லை. ஃபேனுக்கும் விடுவீர்கள், ஜன்னல் கீலுக்கும் விடுவீர்கள், ஒருமுறை என் சைக்கிள் செயினுக்கும் விட்டீர்கள்.

எனக்கு எழுதத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். கீழ்பென்னாத்தூர்ப் பெண், பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்தவள். என் பேச்சை எழுத்துக்கு ஏற்ற மாதிரி நேராக்கிக்கொள்கிறாள். அவள் இந்த வீட்டுக்கு வந்தபோது நீங்கள் உயிரோடு இல்லை. உங்களைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் தெரு சொன்னதுதான். தெரு சொன்னது சரியில்லை. அதனால்தான் அவளையே எழுதச் சொன்னேன்.

எண்பத்தொன்பதில் ஆறு டைப்ரைட்டர்களை ஒரு டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து, முன்னறையை வாடகைக்குக் கேட்டீர்கள். சத்தம் ஜாஸ்தியாக இருக்குமே என்று யோசித்தேன். கொடுத்தபின் அந்தச் சத்தம் எனக்குப் பழகிவிட்டது. ஒருநாள் வாசலில் வேர்க்கடலை உரித்துக்கொண்டே சொன்னேன்: "டீச்சர், மூணாவது மெஷின்ல இருக்கற பொண்ணு ஒரு தட்டு விட்டுடுச்சு."

நீங்கள் எழுந்து போய்த் தாளைப் பார்த்தீர்கள். விட்டுத்தான் இருந்தாள்.

"இன்னாண்ணா நீங்க! படிச்சவங்க கண்ணால பாத்தும் கோட்டை விடறாங்க, நீங்க வாசல்ல உக்காந்து காதால புடிக்கறீங்களே."

எழுத்து ஏறாத தலையில் சத்தம் ஏறிவிடும். பஸ் கண்டக்டர் ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சொல்கிற மாதிரி, ஒருமுறை கேட்டது எனக்கு வரிசையாகவே நிற்கும். அது ஒருநாள் நமக்கு உதவும் என்று அப்போது இருவருக்கும் தெரியாது.

பிறகு ஊர் மாறியது. ஆசிரமத்தைச் சுற்றி வெளிநாட்டுக்காரர்கள் வந்து மாதக்கணக்கில் தங்க ஆரம்பித்தார்கள். நான் பின்கட்டில் ஐந்து அறைகள் கட்டினேன். நீங்கள் டைப்ரைட்டர்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு நான்கு கம்ப்யூட்டர் போட்டீர்கள். மெயில் அனுப்ப வந்தவர்கள் உங்களிடம் உட்கார்ந்துவிட்டு, அறை கேட்டு என்னிடம் வந்தார்கள். அப்போதுதான் என் அறைகளுக்கு இன்டர்நெட்டில் ஒரு பக்கம் போட்டுத் தந்தீர்கள். அதைப் பார்த்துத் தெருவில் இன்னும் ஐந்து வீட்டுக்காரர்கள் கேட்டார்கள். கடைசியாக வந்தவர் மூலை வீட்டம்மா. புருஷன் இல்லை, நிலம் இல்லை, நான்கு அறைகள்தான் அவருக்குச் சோறு. "அண்ணன் வீட்டுப் பேரைக் குடுத்திருக்காருன்னா நானும் குடுக்கறேன்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அந்தச் சொல் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆறு பக்கமும் போட்டாயிற்று. ஒருவரும் வரவில்லை. ஊர்ப் பெயரைப் போட்டு ரூம் என்று தேடினால் பெரிய லாட்ஜ்கள்தான் முன்னால் வந்தன. நாம் எத்தனையாவது என்று கேட்டேன். நீங்கள் பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போய், பதினாலாவது பக்கத்தில் என் வீட்டைக் காட்டினீர்கள்.

"அவ்ளோ தூரம் யாரு டீச்சர் நடந்து வருவாங்க?"

"வர மாட்டாங்கண்ணா. முன்னால வரணும்னா மத்த பக்கங்க நம்ம பக்கத்தைக் கை காட்டணும். ஒரு பக்கம் இன்னொண்ணைக் கை காட்டினா அது ஒரு சாட்சி மாதிரி. நல்ல சாட்சி ஜாஸ்தி இருந்தா முன்னால தூக்கி வைக்கும்."

எனக்கு உடனே புரிந்தது, தப்பாகப் புரிந்தது. பௌர்ணமி நாளில் பஸ் ஸ்டாண்டில் லாட்ஜ்காரர்கள் ஆள் நிறுத்தி, இறங்குகிறவர்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார்களே, அதுதான் என் கண்ணில் வந்தது.

"அப்போ ஆள் வச்சுக் கூப்பிட வேண்டியதுதானே?"

"கூப்பிடறதுக்கு ஆள் வைக்கலாம்ணா. சாட்சி சொல்றதுக்கு ஆள் வைக்கக் கூடாது."

நான் விடவில்லை. அந்த வருஷம் பெரிய லாட்ஜ்காரர் ஒருவர் தெருவையே வளைத்துக் குத்தகைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். என் வாசலில் நின்று, "வீட்டைக் குடுத்துடு பெரியவரே, வாட்ச்மேன் வேலைக்கு உன்னையே போட்டுக்கறேன்" என்று சிரித்தார். நான் கட்டிய அறைகளுக்கு நானே வாட்ச்மேன். கார்த்திகை தீபத்துக்குள் அறைகள் நிரம்ப வேண்டும் என்று உங்களை ஒரு வாரம் அரித்தெடுத்தேன். சென்னையில் இப்படிக் கை காட்டுகிற இணைப்புகளைக் காசுக்கு விற்கிற ஒருவன் இருப்பதாக, மெயில் பார்க்க வந்த ஒரு பையன் சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். கடைசியில் நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னீர்கள்: "சரிண்ணா. உங்க இஷ்டம்."

அவன் இருநூற்றுப் பதினோரு இடங்களில் நம் ஆறு வீட்டையும் கை காட்ட வைத்தான். போதாததற்கு ஆறு வீடும் ஒன்றையொன்று கை காட்டிக்கொள்ளும்படி செய்யச் சொன்னான். ஒருநாள் மத்தியானம் அவன் அனுப்பிய பட்டியலை நீங்கள் பெயர் பெயராகச் சத்தமாகப் படித்தீர்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"இது நாய்க்குட்டி விக்கறவங்க. இது டயர் கம்பெனி. இது உடம்பு இளைக்க மாத்திரை. இது இன்னா பாஷைன்னே தெரியலை."

"டயர்காரனுக்கு நம்ம ரூம் எப்பிடித் தெரியும்?"

"அதைத்தாண்ணா நானும் கேக்கறேன்" என்றீர்கள். நாம் சிரித்தோம். சிரித்திருக்கக் கூடாது.

தீபத்துக்கு ஆறு வீடும் முதல் பக்கத்தில் நின்றன. அறைகள் நிரம்பின. மூலை வீட்டம்மா உங்களுக்கு ஒரு தட்டு நிறைய அதிரசம் கொண்டுவந்து வைத்தார். பொங்கல் கழித்து ஒருநாள் காலையில் தேடினீர்கள். முதல் பக்கத்தில் இல்லை. பதினாலிலும் இல்லை. ஐம்பது வரைக்கும் தள்ளிப் பார்த்தீர்கள். ஆறு வீட்டில் ஒன்றுகூட இல்லை. காசு கொடுத்து வாங்கிய சாட்சி என்று தேடும் பக்கத்துக்காரர்கள் கண்டுபிடித்துத் தூக்கி எறிந்துவிட்டார்கள். ஒன்றையொன்று கை காட்டிக்கொண்டு நின்றதால் ஒருவரும் தப்பவில்லை.

தெரு உங்கள் வாசலில் கூடியது. மூலை வீட்டம்மா தலைவிரி கோலமாக வந்தார்.

"இன்னா டீச்சர் பண்ணி வச்சிருக்க? உன்னை நம்பித்தானே என் வீட்டுப் பேரைக் குடுத்தேன்? யாரைக் கேட்டு எவன்கிட்டயோ போய் சேத்த?"

நான் குழாயடியில் குடத்தோடு நின்றிருந்தேன். நீங்கள் ஒரே ஒருமுறை என்னைப் பார்த்தீர்கள். அதில் கோபம் இல்லை. சொல்லுவாரா என்று கேட்கிற பார்வை. குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, நான் குழாயை மூடக்கூட இல்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தப்பு என்னுதுதாம்மா" என்றீர்கள். "சரி பண்ணிக் குடுக்கறேன்."

அப்புறம் நடந்ததுதான் உண்மையான வேலை. வாங்கிய சாட்சியை எல்லாம் எடுத்தால்தான் மன்னிப்பு. இணைப்பு விற்றவன் போனை எடுக்கவில்லை. பட்டியல் இருந்த கம்ப்யூட்டர் அந்த மாதமே படுத்துவிட்டது. தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த உங்களிடம் போய், "நாய்க்குட்டி விக்கறவங்கதான் மொதல்ல" என்று ஆரம்பித்தேன். முதலில் உங்களுக்குப் புரியவில்லை. புரிந்ததும் அடுத்த கம்ப்யூட்டரின் கீபோர்டை இழுத்துக்கொண்டீர்கள்.

அர்த்தம் தெரியாத பெயர்களை நான் சத்தமாகச் சொன்னேன். நீங்கள் எழுத்துக் கூட்டித் தட்டிப் பார்த்தீர்கள். சில பெயர்கள் இரண்டு மூன்று தட்டலுக்குப் பிறகுதான் சிக்கின. ஒவ்வொருவருக்கும் ஒரு கடிதம்: எங்கள் இணைப்பைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். பதில் வந்தவர், வராதவர், இரண்டாவது கடிதம் போனவர் என்று எல்லாக் கணக்கும் என் தலையில்தான். கரண்ட் போனால் வாசலில் உட்கார்ந்து காத்திருப்போம். மூன்று மாதம் ஆயிற்று. முப்பத்தெட்டுப் பேர் பதிலே போடவில்லை.

பிறகு தேடும் பக்கத்தை நடத்துகிற கம்பெனிக்கே எழுதினீர்கள். எழுதியதை எனக்குத் தமிழில் சொன்னீர்கள்: காசு கொடுத்துச் சாட்சி வாங்கினோம், இத்தனையை எடுத்துவிட்டோம், முப்பத்தெட்டை எடுக்க முடியவில்லை, இனி செய்ய மாட்டோம். "வாங்கினோம்" என்று போட்டிருந்தீர்கள். யார் வாங்கச் சொன்னது என்று போடவில்லை. அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம்.

அதோடு நீங்கள் நிற்கவில்லை. "மன்னிச்சு உள்ள விட்டாலும் வர்றவங்களுக்குப் படிக்க இன்னாண்ணா இருக்கு நம்ம பக்கத்துல?" என்று கேட்டீர்கள். எல்லா அறையிலிருந்தும் மலை தெரியும் என்று நான் போடச் சொல்லியிருந்தேன். இரண்டு அறையிலிருந்துதான் தெரியும். அதை முதலில் எடுத்தீர்கள். வந்து தங்கியவர்கள் இத்தனை வருஷத்தில் என்னென்ன கேட்டார்கள் என்று என்னைச் சொல்லச் சொன்னீர்கள். நான் சொல்லிக்கொண்டே போனேன். கிரிவலப் பாதையில் வெயில் ஏறினால் எந்த இடத்தில் வெறுங்கால் வைக்க முடியாது, முட்டிவலிக்காரர்கள் எங்கெங்கே உட்காரலாம், பௌர்ணமியன்று ஆட்டோ எதுவரைக்கும் வரும், எந்த மாதம் தண்ணீர் கம்மி, ஜன்னலைத் திறந்து வைத்தால் குரங்கு சோப்பை எடுத்துக்கொண்டு போய்விடும்.

"குரங்கையுமா போடணும்? வர்றவன் ஓடிடுவான்."

"ஓடறவன் ஓடட்டும்ணா. வர்றவன் ஜன்னலைச் சாத்திட்டுத் தூங்குவான்."

ஆறு வீட்டுக்கும் அப்படியே. ஒவ்வொரு வீட்டிலும் போய் உட்கார்ந்து, அந்த வீட்டு உண்மையை அந்த வீட்டுப் பக்கத்தில் எழுதினீர்கள். மூலை வீட்டம்மா கதவைத் திறக்கவில்லை. வாசலில் நின்று நீங்கள் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதினீர்கள்.

ஆனியில் கம்பெனி மன்னித்து, ஆறு வீட்டையும் மறுபடி எங்கோ பின்னால் சேர்த்துக்கொண்டது. ஆடியில் ஒரு வெளிநாட்டம்மா வந்தார். முட்டிவலி. நாம் எழுதியதைப் படித்துப் படித்து, உட்கார்ந்து உட்கார்ந்து மலையைச் சுற்றிவிட்டார். ஊருக்குப் போய்த் தன் பக்கத்தில் அதைப் பற்றி எழுதி, நம் பக்கத்தைக் கை காட்டினார். நாம் கேட்கவில்லை. அதை எனக்கு இரண்டு முறை படித்துக் காட்டினீர்கள். "இதாண்ணா சாட்சி. வந்து பாத்தவங்க, தானா சொல்றாங்க."

அவரைப் பார்த்து இன்னொருவர், பிறகு இன்னொருவர். ஐப்பசி மழைக்குள் மூன்றாவது பக்கம், அடுத்த தீபத்துக்கு முதல் பக்கம். ஆனால் அதற்குள் மூலை வீட்டம்மா தாங்க முடியாமல் வீட்டை லாட்ஜ்காரருக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு, சென்னையில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது என்னிடம் சொல்லிக்கொண்டு போனார். உங்களிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

வருஷங்கள் கழித்து நீங்கள் நோயில் படுத்துக் கிடந்தபோது தினமும் வந்து பார்த்தேன். ஒருநாள் கேட்டீர்கள்: "மூலை வீட்டம்மா ஊருக்கு வந்தாங்களாண்ணா?"

"இல்லை டீச்சர்."

"வந்தா சொல்லுங்க" என்றீர்கள். உங்கள் காரியத்துக்கும் அவர் வரவில்லை.

இந்த இடத்தில் மருமகள் எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

"மாமா, ஆள் வச்சது நீங்களா?"

"நான்தான்."

"தெருவுல எல்லாரும் டீச்சர்தான் கெடுத்தாங்கன்னு..."

"அதனாலதான் சொல்றேன். எழுது."

"அப்படியே எழுதணுமா?"

"ஒரு தட்டுகூட விடாம எழுது."

எழுதினாள். எழுதிவிட்டு, இன்னொரு பிரதி எடுத்து மூலை வீட்டம்மாவுக்குத் தபாலில் அனுப்பிவிடலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அதுவும் ஆள் வைத்துச் சொல்கிற மாதிரிதான். பார்த்தவன் நான், செய்தவன் நான், காலும் இன்னும் நடக்கிறது. நாளைக் காலை சென்னை பஸ்ஸில் போகிறேன். மகள் வீட்டு விலாசத்தைப் பக்கத்து வீட்டில் வாங்கி மருமகள் எனக்குப் படித்துக் காட்டிவிட்டாள். ஒருமுறை கேட்டது போதும்.

பஸ்ஸில் உட்கார்ந்து அந்த இருநூற்றுப் பதினொன்றையும் முதலிலிருந்து சொல்லிப் பார்ப்பேன். இப்போதும் வரிசை தப்பாமல் வருகிறது, டீச்சர். பதில் வராத முப்பத்தெட்டும் எங்கேயோ அப்படியே கிடக்கும், அதை நம்மால் எடுக்க முடியவில்லை. குழாயடியில் நான் விழுங்கினதை எடுக்க ஒருவருக்கும் கடிதம் போட வேண்டியதில்லை. அந்தம்மா கதவைத் திறந்தால் போதும். திறக்காவிட்டால் உங்களைப் போல வாசலில் நின்று சொல்லிவிட்டு வருவேன்.