கண்டக்டரின் அரை மாத்திரை

மார்ச் 3, செவ்வாய்

கண்டக்டர் இன்றும் சாப்பாட்டுத் தட்டின் மேலேயே தூங்கிவிட்டார். இந்த முதியோர் இல்லத்துக்கு வந்த புதிதில், மறதி நோய் இருந்தாலும் வாய் ஓயாதவர். சாயங்காலமானால் கத்திக்கொண்டே ஆட்களைத் தள்ளுகிறார் என்று மாத்திரை ஆரம்பித்தார்கள். இப்போது தள்ளுவதும் இல்லை, பேச்சும் இல்லை. இதற்குப் பெயர் குணமா? நர்ஸ் என்றால் எழுதியதை ஊட்டிவிட்டுப் போவதுதானா? மாத்திரையைக் குறைக்க முடியுமா என்று டாக்டரிடம் கேட்டே விட்டேன்.

மார்ச் 5

டாக்டர் வந்து பார்த்தார். "பாதியாக் குறைப்போம். சட்டுன்னு நிறுத்தக் கூடாது சிஸ்டர், கூடவே இருந்து கவனிங்க."

மேனேஜர் கடுகடுவென்று நின்றார். "இன்னொரு தடவை யாரையாவது தள்ளினா அவரை இங்க வெச்சுக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

கண்டக்டரின் மகள் அழாத குறை. "தூங்கினாலும் பரவாயில்ல சிஸ்டர். வெளிய அனுப்பிட்டா அப்பாவ நான் எங்க கொண்டு போவேன்?" பகலெல்லாம் வேலை, வீட்டில் வேறு ஆளில்லை. பாவம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்கிறேனோ?

மார்ச் 9

கண் திறந்து சாப்பிட்டார். உப்பு போதாதாம்! திட்டு வாங்கிக்கொண்டு சிரித்தேன்.

மார்ச் 14

போச்சு. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஆயாவைத் தள்ளிவிட்டார். நல்லவேளை, அடி இல்லை. "நான் அப்பவே சொன்னேன்ல?" என்கிறாள் மகள். சொன்னாள்தான். திங்கட்கிழமை முடிவு சொல்கிறாராம் மேனேஜர்.

மார்ச் 15

எனக்கு லீவு. இருந்தும் போனேன். சாயங்காலம் அவர் பக்கத்தில் நின்றேன். வீட்டுக்குக் கிளம்புகிறவர்களும் வேலைக்கு வந்தவர்களும் வழக்கம்போல ஹால் வாசற்படியை அடைத்துக்கொண்டு பேச்சு. கண்டக்டர் எழுந்தார். கை நீண்டது — பிடிக்கப் பாய்ந்தேன்.

"படியில நிக்காதீங்க! உள்ள போங்க, உள்ள போங்க! இடம் இருக்குல்ல?"

அட மனுஷா! பஸ்ஸில் நீ பார்த்த வேலையைத்தானே இங்கேயும் பார்த்தாய்? இதையா நாங்கள் வெறி என்று எழுதி வைத்தோம்?

மார்ச் 16

மேனேஜரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: ஷிஃப்ட் மாறுகிறவர்கள் படியில் கூட்டம் போடாமல் ஆபீஸ் அறையில் நின்று பேசட்டும்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் சார்."

மாதக் கடைசி வரை பார்ப்பாராம்.

மார்ச் 31

யாரையும் தள்ளவில்லை. டாக்டர் இன்னும் குறைத்தார்.

மே 10

மாத்திரை நின்று ஒரு வாரம். மகள் வந்தாள், பயத்தில் படியிலேயே நின்றுவிட்டாள். கண்டக்டர் எழுந்தார். ஆயா ஓடி வந்தாள், நான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"படியில நிக்காதம்மா," என்றார். "உள்ள வா. இடம் போட்டு வெச்சிருக்கேன்."

பக்கத்து நாற்காலியில் அவருடைய துண்டு கிடந்தது.